மேல் ஓரம் வெட்டப்பட்ட கடிதம்

முப்பத்தாறு வருடம் பள்ளியில் பாடம் சொன்னவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் குறைவிருக்காது. எனக்கு ஒன்றுதான் தங்கியிருக்கிறது. 1888 டிசம்பரில், மெல்வினா ஸ்டோக்ஸ் என்ற பதினொரு வயதுப் பெண் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டாள்:

"மிஸ் ட்ரூ, கடிதத்துல தேதி போடலைன்னா எங்களுக்கு அஞ்சு மார்க் குறைப்பீங்க. உங்க அப்பா கடிதத்துலயும் தேதியைக் காணோமே. அவருக்கு எத்தனை மார்க்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உட்காரு, மெல்வினா" என்றேன்.

1860 டிசம்பர் 20 அன்று எங்கள் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகியது. அதை முடிவு செய்த மாநாட்டில் கையெழுத்திட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவருடைய கடிதம் ஒன்றை வகுப்பில் வாசிப்பேன். சுங்க வரியின் கொடுமை தாங்காமல்தான் நாம் பிரிந்தோம் என்று அதை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் என் அண்ணன் அசா பதினெட்டு வயதில் தெற்குக்காகத் துப்பாக்கி தூக்கியவர். போர் முடிந்ததும் வடக்கே அயோவாவுக்குப் போய், ஹன்னாவை மணந்து, ஆப்பிள் தோட்டம் போட்டவர் திரும்பி வரவில்லை. காரணம் அடிமைமுறைதான் என்பது அவர் கட்சி. முப்பது வருடக் கடிதங்களில் இந்த ஒரே சண்டை. கடைசி வருடத்துக் கடிதங்களை மட்டும் இங்கே தருகிறேன்.

*

மெரிடித், தென் கரோலினா
1910 மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மழை வருவதை இடது முழங்கால் ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் இருமல் குறைந்ததா? நான் அனுப்பிய பிக்கான் கொட்டைகள் வந்து சேர்ந்தனவா? அணில்களோடு போட்டியிட்டுப் பொறுக்கியவை.

ஒரு நல்ல செய்தி. இந்த டிசம்பரோடு ஐம்பது வருடம் ஆகிறதல்லவா? கோர்ட்டுக் கட்டிடத்தின் முன்சுவரில் அப்பாவின் பெயரில் ஒரு பளிங்குக் கல் பதிக்கப்போகிறார்கள். கமிட்டித் தலைவி என் பழைய மாணவி மெல்வினா. இப்போது மிஸஸ் டில்லார்ட். நேற்று வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, "அந்தக் கடிதத்தை உங்க குரல்ல கேட்டு வளர்ந்தவங்க நாங்க, மிஸ் ட்ரூ. அதுலேர்ந்து ஒரு வரி கல்லுல வரணும். திரையை இழுக்கறதும் நீங்கதான்" என்றாள்.

வரி தேர்ந்தெடுத்தாகிவிட்டது: "நம் நிலத்தில் விளைவதை இந்தச் சுங்க வரி நம் கண்ணெதிரே அறுத்துக்கொண்டு போகிறது, இதைச் சகித்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் வாழ முடியாது."

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அதற்கும் சேர்த்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவன் பஞ்சை விற்கிறான். அந்தப் பணத்தில் கலப்பை வாங்கப் போகிறான். இங்கிலாந்துக் கலப்பை மலிவு, ஆனால் வரி போட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வடக்கத்தியான் செய்த கலப்பையை வாங்குகிறான். ஒவ்வொரு வருடமும் இப்படியே நடந்தால் அவனுக்குக் கோபம் வராதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
ட்ரூ

*

சீடர் பெண்ட், அயோவா
1910 ஏப்ரல் 2

டீச்சரம்மா தங்கைக்கு,

இருமல் என்னோடு சேர்ந்து வயதாகிக்கொண்டிருக்கிறது. கொட்டைகள் வந்தன. தினம் ஆறு என்று வைத்துக்கொண்டு தின்கிறேன். ஹன்னா போனபிறகு எதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

உன் கலப்பைக்காரனுக்கு நிச்சயம் கோபம் வரும். நானே அவன் பக்கம் நின்றிருப்பேன், 1832இல். அப்போது வரி உண்மையிலேயே கழுத்தைப் பிடித்தது. ஆனால் 1857இல் அதைக் குறைத்தார்கள், ட்ரூ. நம் ஆட்களும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுத்தான் குறைத்தார்கள். ஒருவனுக்குச் செருப்பு கடித்தது, தளர்த்திக் கொடுத்தாயிற்று. மூன்று வருடம் சௌகரியமாக நடந்துவிட்டு, பிறகு செருப்பு கடிக்கிறது என்று வீட்டைக் கொளுத்துவானா? அவனுக்கு வேறு எங்கோ வலி.

கல்லில் அப்பா பெயர் வருவது பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை. இங்கே இன்னும் தரை உறைந்திருக்கிறது.

அசா

*

மெரிடித்
1910 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமலுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கலந்து குடியுங்கள். முகத்தைச் சுளிப்பீர்கள். பரவாயில்லை, நான் பார்க்கப்போவதில்லை.

செருப்பு உதாரணம் நன்று. என்னிடம் திருடியது போல இருக்கிறது. ஆனால் 1860 வசந்தத்திலேயே வடக்கத்தியார் வரியை மறுபடி ஏற்ற மசோதா கொண்டுவந்ததை மறந்துவிட்டீர்களே! செருப்பை மறுபடி இறுக்க வருகிறவனைப் பார்த்தால் ஓடமாட்டானா?

இங்கே எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போவது என்று சண்டையே நடக்கிறது. போன வாரம் மெல்வினா வீட்டில் வறுத்த கோழியும் பீச் பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும். அவள் மேஜையில் எனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருக்கிறாள். குஷன் போட்டது. குழந்தைகள் அதில் உட்கார்ந்தால், "எழுந்திரு, அது மிஸ் ட்ரூவோடது" என்கிறாள். தனியாக இருக்கிறவளுக்கு ஒரு நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ட்ரூ

*

சீடர் பெண்ட்
1910 ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். ஏணியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியை மறந்துவிட்டேன். கணுக்கால் வீங்கி, இப்போது வடிந்துவிட்டது. கவலைப்படாதே. பக்கத்துப் பண்ணைக்காரர் பால் கொண்டுவந்து வைக்கிறார். அவர் பேசுவது டேனிஷ், நான் பேசுவது வேறு. நன்றாகப் பழகுகிறோம்.

அந்த மசோதா மேல்சபையில் நிறைவேறியது எப்போது? நம் ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறியபிறகு. உட்கார்ந்திருந்து எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் தோற்கடித்திருக்கலாமே. எழுந்து போனவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

இத்துடன் ஒரு அச்சுப் பிரதி வைத்திருக்கிறேன். பிரிந்து போவதற்கான காரணங்கள் இவை என்று நம் மாநிலமே 1860 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளியிட்ட அறிக்கை. உன் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொள். 'சுங்க வரி' வருமிடத்தில் ஒரு கோடு, 'அடிமை' வருமிடத்தில் ஒரு கோடு. பிறகு எனக்கு மார்க் போடு.

இன்னொன்று. நீ வகுப்பில் வாசிப்பாயே, அந்தக் கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த டிசம்பரில் நான் வீட்டில்தான் இருந்தேன். அப்படி ஒன்று வந்ததாக ஞாபகமும் இல்லை. முழுவதையும் நகலெடுத்து அனுப்பு.

அசா

*

மெரிடித்
1910 ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கணுக்காலுக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். ஏணி ஏறுவதை விட்டுவிடுங்கள்.

கேட்டபடி கடிதத்தை நகலெடுத்திருக்கிறேன். சின்னக் கடிதம்தான். "அன்பே, தலைநகர் கொலம்பியாவுக்கு வந்து இன்றோடு ஐந்து நாளாகிறது. விடுதியில் ஒரே படுக்கையில் மூன்று பேர். மாநாட்டில் காலை முதல் மாலை வரை சுங்க வரி பற்றியே பேச்சு." பிறகு கல்லில் வரப்போகும் வரி. பிறகு பசுவைப் பற்றியும் வேலி பற்றியும்.

அச்சுப் பிரதியை இன்னும் படிக்கவில்லை. வெயிலில் கண் எரிகிறது.

சிரிப்புக்காக ஒன்று எழுதுகிறேன். கல்லைச் செதுக்குகிறவன் யார் தெரியுமா? கிடியன். அந்தக் காலத்தில் நம் வீட்டில் அடிமையாக இருந்த ஐசமின் கடைசி மகன். நீங்கள் இங்கிருந்து போகும்போது கைக்குழந்தையாக இருந்தவனுக்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. மாநிலத்தின் இந்தப் பகுதியில் அவனைப் போல எழுத்து வெட்ட ஆளில்லை. போன செவ்வாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றான்.

"கல்லுல எல்லாம் குறிச்சாச்சு அம்மா. வருஷம் மட்டும் உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கலாம்னு வந்தேன். கல்லுன்னா அழிச்சு எழுத முடியாதில்ல."

"1860. இதுல என்ன கேள்வி?"

"சரிங்கம்மா." போகவில்லை. தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தான். "அந்தத் தடவை பெரியவர் கூடப் பெட்டி தூக்கிக்கிட்டுப் போனது எங்கப்பாதான். கொலம்பியால ஒரே ராத்திரிதான் தங்கினாங்கன்னு சொல்வார். ஊரெல்லாம் பெரியம்மைன்னு பயந்து, மறுநாளே மொத்த மாநாடும் சார்ல்ஸ்டனுக்கு ரயிலேறிடுச்சாம்."

"வயசான காலத்துல நாள் கணக்கு தப்பும், கிடியன்."

"தப்பும் அம்மா. ஆனா அம்மை பயம் மறக்காதுங்களே."

எப்படி இருக்கிறது பாருங்கள்! கல்வெட்டுகிறவன் சரித்திரம் பேசுகிறான்.

ட்ரூ

*

சீடர் பெண்ட்
1910 ஆகஸ்ட் 28

ட்ரூ,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிடியன் சொல்வதுதான் சரி. அது யாருக்கும் தெரிந்த விஷயம், உனக்கும் தெரியும். நீ டீச்சர்.

கொலம்பியாவில் ஐந்து நாள் உட்கார்ந்து சுங்க வரி பற்றியே பேசிய மாநாடு ஒன்று உண்டு. 1832 நவம்பர். அப்பாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாம் பிறக்கவில்லை. நம் அம்மாவை அவர் பார்த்தது கூட இல்லை. அந்த 'அன்பே' அவருடைய முதல் மனைவி.

அந்தத் தாளின் மேல் பகுதியில் என்ன இருக்கிறது?

அசா

*

மெரிடித்
1910 அக்டோபர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. உடல்நலத்தில் குறையொன்றுமில்லை. ஒவ்வொரு திங்களும் எழுத உட்கார்ந்து, பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

மேல் பகுதியில் ஒன்றுமில்லை. வெட்டியிருக்கிறது.

1877 டிசம்பர். அந்த வருடம்தான் வடக்குப் படைகள் வெளியேறி, மாநில ஆட்சி பழைய எஜமானர்களின் கைகளுக்குத் திரும்பியிருந்தது. என் வகுப்பில் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் முப்பது குழந்தைகள். பாதிப் பேருக்கு அப்பா இல்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு பையன், "மிஸ் ட்ரூ, எங்கப்பா எதுக்காகச் செத்தார்?" என்று கேட்டான். நான் வீட்டுக்கு வந்து அப்பாவின் பெட்டியைக் குடைந்தேன். அந்தக் கடிதம் கிடைத்தது. அழகான கையெழுத்து, அழகான கோபம். மேலே, "1832 நவம்பர் 23" என்று இருந்தது.

கத்தரிக்கோல் தையல் கூடையில் இருந்தது. அரை விரல் அகலம் கூட இல்லை. அதை எறியவும் மனம் வரவில்லை. அகராதிக்குள் வைத்தேன். முப்பத்துமூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது.

நான் ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். கடிதம் அப்பா எழுதியதுதான், மாநாடு உண்மை, வரியும் உண்மை. இப்போது புரிகிறது. பொய் சொல்லப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு உண்மையை எடுத்து இருபத்தெட்டு வருடம் தள்ளி வைத்தால் போதும்.

அச்சுப் பிரதியை அன்றே படித்துவிட்டேன். கண் எரிச்சல் என்றது சாக்கு. 'சுங்க வரி' ஒரு இடத்திலும் இல்லை. 'வரி' என்பது ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் அடிமைகளின் பேரில் விதிக்கும் வரி. இன்னொரு சொல்லுக்குக் கோடு போட்டுப் போட்டுப் பென்சிலை இரண்டு முறை சீவினேன்.

உங்களுக்கு நூற்றுக்கு நூறு.

மெல்வினாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாற்காலியில்தான் உட்காருகிறேன்.

ட்ரூ

*

சீடர் பெண்ட்
1910 நவம்பர் 12

அன்புத் தங்கை ட்ரூவுக்கு,

என் மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள். நானும் ஒன்றைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

இத்துடன் வைத்திருப்பது அப்பாவின் கடிதம். சார்ல்ஸ்டன், 1860 டிசம்பர் 24. எனக்கு எழுதியது. போர் முழுக்க என் கோட்டின் உள்பையில் இருந்தது. அதன் பிறகு மேஜை இழுப்பறையில். படி.

"மகனே அசா, இன்று காரணங்களை வெளியிட்டோம். அதில் சுங்க வரி பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று சிலர் குறைப்பட்டார்கள். இருந்தபடியே விட்டுவிட்டோம். வரிக்காக யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். ஐசமும் அவனைப் போன்றவர்களும் நம் கையை விட்டுப் போகக்கூடாது, நம் பிள்ளைகளின் கையை விட்டும் போகக்கூடாது. விஷயம் இவ்வளவுதான். யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல். இந்தக் கடிதத்தை மட்டும் பூட்டி வை. ஐசமுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமோ என்று எனக்கொரு சந்தேகம்."

தலை நிமிர்ந்து சொல் என்கிறார், பார். அப்பாவுக்கு வெட்கமே இல்லை. வெட்கம் வந்தது நமக்குத்தான். உனக்கு ஒரு விதமாக, எனக்கு ஒரு விதமாக.

ஏன் இத்தனை வருடம் அனுப்பவில்லை என்று கேட்பாய். முதலில், நீ சின்னப் பெண், அப்பா மேல் உயிரையே வைத்திருந்தாய் என்று நினைத்தேன். அப்புறம் நீ சின்னப் பெண் இல்லை. செருப்பு, மசோதா, அறிக்கை என்று சில்லறை வாதங்களாகப் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தாளை அனுப்பியிருந்தால் அன்றே சண்டை முடிந்திருக்கும். முடிந்துவிட்டால் நீ எழுதமாட்டாய். ஹன்னா போனபிறகு இந்த வீட்டு வாசலுக்கு வருவது தபால்காரரும் பாலும்தான்.

நீ முப்பது வருடம் தவறாகச் சொல்லிக்கொடுத்ததற்கு நானும் பொறுப்பு. தனியாக இருக்கப் பயந்து உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

அசா

*

மெரிடித்
1910 டிசம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்தேன். கோபமில்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் கிடியனின் பட்டறைக்குப் போனேன். போனது நான் செய்த முதல் சரியான காரியம் என்று நினைத்தேன். கடிதத்தை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முழுவதையும் நிதானமாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கடைசி வரி எங்கப்பா சொன்ன மாதிரியே இருக்கு" என்றார்.

"ஐசம் இதைப் பார்த்தாரா?"

"தபால்ல போட எடுத்துட்டுப் போனவரே அவர்தானேம்மா. சார்ல்ஸ்டன்ல ஒரு விளக்குக் கம்பத்தடியில நின்னு படிச்சிருக்கார். அப்புறம் ஒட்டிப் போட்டார். எங்களுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். 'எதுக்குப் பிரிஞ்சாங்கன்னு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நான் படிச்சிருக்கேன். என் பேர் போட்டு எழுதியிருந்துச்சு'ன்னு."

நீங்களும் நானும் ஆளுக்கொரு பக்கம் பூட்டி வைத்திருந்தது, ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சொல்ல வந்தபோதும் சிரித்தேன்.

பிறகு மெல்வினாவிடம் போனேன். வெட்டிய துண்டை அகராதியோடு எடுத்துப் போய் அவள் மேஜையில் வைத்தேன். கடிதத்தின் தலையில் பொருத்திக் காட்டினேன். பல்லோடு பல் சேர்வது போலச் சேர்ந்தது.

"அப்போ நான் கேட்டது சரி" என்றாள். குரல் பதினொரு வயதுக் குரலாக இருந்தது.

"சரிதான். உன்னை உட்காரச் சொன்னது தப்பு."

"இப்போ வந்து சொல்றீங்களே, மிஸ் ட்ரூ! கவர்னர் ஆபீசுக்கு அழைப்பு போயாச்சு. பேண்டு வாத்தியம் பேசியாச்சு. என் பொண்ணு அந்த வரியை மனப்பாடம் பண்ணியிருக்கா." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய கெட்டிக்காரி ஆகிவிட்டாள். "கிடியன் இன்னும் வருஷம் வெட்டலை. ஒண்ணு செய்யலாம். வருஷத்தையே விட்டுடலாம். அப்பா பேரு, அந்த வரி, அவ்வளவுதான். பொய்யே கிடையாது பாருங்க. நீங்க வந்து திரையை இழுத்தாப் போதும்."

அவள் சொல்லும்போது அவள் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தேன், அண்ணா. நான் கொடுத்த கத்தரிக்கோல்.

"வருஷம் போடு, 1832ன்னு. இல்லைன்னா இந்த இன்னொரு கடிதத்துலேர்ந்து ஒரு வரி எடுத்து 1860 போடு. ரெண்டும் இல்லைன்னா நான் வரலை" என்றேன்.

"வராதீங்க" என்றாள். வாசல் வரை வந்து, என் சால்வையைச் சரிசெய்து விட்டாள். அதுதான் தாங்கவில்லை.

ட்ரூ

*

மெரிடித்
1910 டிசம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பனியில் தபால் நின்றிருக்கும். இருமல் எப்படி இருக்கிறது?

இருபதாம் தேதி கல்லைத் திறந்துவிட்டார்கள். வருடம் இல்லாமல். நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். பேண்டு சத்தம் கேட்டதும் கால் தானாக நடந்தது. கோர்ட்டு வாசலில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. எவரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எவரும் நகர்ந்து இடம் விடவுமில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம், குதிரை லாயத்து வேலியோரம் போய் நின்றேன். கிடியன் அங்கே நின்றுகொண்டிருந்தார். தன் கைவேலையைப் பார்க்கக் கறுப்பரான அவருக்கு அனுமதித்த தூரம் அது. என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, நாலடி தள்ளி நின்றுகொண்டார். முதலில் மனம் சுருங்கியது. பிறகு புரிந்தது. அவர் பக்கத்தில் நான் நின்றால் எனக்குப் போவது ஒரு நாற்காலி. அவருக்குப் போவது பிழைப்பு, ஏன், உயிரும்கூட.

மெல்வினாவின் மகள் ஒரு எழுத்துக் கூடப் பிசகாமல் ஒப்பித்தாள். நான் சொல்லிக்கொடுத்த நிறுத்தங்கள் அப்படியே இருந்தன. மெல்வினாவிடமிருந்து கற்றிருப்பாள்.

எழுத்துகள் அழகாக வந்திருக்கின்றன. வரியின் கீழே, வருடம் வர வேண்டிய இடத்தில், கிடியன் கல்லை மற்ற இடம் போல மெருகேற்றாமல் விட்டிருக்கிறார். ஒரு கை அகலம். வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கமிட்டியில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு யாரும் அழைக்கவில்லை. சோளரொட்டி சுட்டேன். இரண்டு வேளைக்கு வந்தது.

ஏதாவது எழுதுங்கள். தப்பாகவே இருந்தாலும் சரி, நான் மறுத்துப் பேசுகிறேன்.

ட்ரூ

*

சீடர் பெண்ட்
1911 மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

பனிக்காலம் போய்விட்டது. நான் இருக்கிறேன். மூன்று முறை தாளை எடுத்தேன். வினோதம் பார். முப்பது வருடம் உன்னை ஒப்புக்கொள்ள வைக்க எழுதினேன். ஒப்புக்கொண்டுவிட்டாய், எனக்கு எழுத ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததும், 'இதற்கு ட்ரூ என்ன சொல்வாள்' என்று தேடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

உலர்ந்த ஆப்பிள் அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் ஊறவைத்துப் பை பலகாரம் சுடு. இரண்டு பேருக்கு வரும்.

அசா

*

அதற்குப் பிறகு கடிதங்கள் குறைந்துவிட்டன. அவர் ஆப்பிள் அனுப்புவார், நான் பிக்கான் கொட்டை அனுப்புவேன். பொட்டலத்துக்குள் சில சமயம் ஒரு வரி இருக்கும், சில சமயம் இருக்காது. இல்லாதபோது முகவரியின் கையெழுத்தைப் படித்துக்கொள்வேன்.

வெட்டிய துண்டை மாவுப் பசையால் கடிதத்தோடு ஒட்டிவிட்டேன். இரண்டு கடிதங்களுக்கும் நகலெடுத்தேன். ஒரு நகலைக் கிடியன் தன் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டார். இன்னொன்றை மெல்வினாவுக்குத் தபாலில் அனுப்பி, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால், "நீ 1888இல் கேட்ட கேள்விக்கு: மார்க் பூஜ்யம். அது அப்பாவுக்கு அல்ல, எனக்கு" என்று எழுதினேன். பதில் வரவில்லை. திரும்பியும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய கடிதம் ஒன்று இருக்கும். பெருமையாக எடுத்து வாசிக்கிற கடிதம். அடுத்த முறை வாசிப்பதற்கு முன்பு, தாளின் மேல் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்.